கயிற்றைப் பிடிப்பவர் யார்?

அண்மைக் காலமாக ஒரு விளம்பரம் வெவ்வேறு வடிவங்களில் என் கண்ணிற் பட்டுக்கொண்டே இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டுக்கு அப்பால் கடலில் கிடக்கும் 'பார் றீஃப்' என்ற முருகைக்கற்பாறைக்குச் சுழியோடற் பயணம். மூன்று பகல், இரண்டு இரவு. வெள்ளிக்கிழமை மாலை விடுதி நீச்சற் குளத்தில் பயிற்சி, சனியும் ஞாயிறு மதியம் வரையும் கடல், அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானம் ஏறிவிடலாமாம். ஏறாதவர்கள் மறுநாள் நுவரெலியாவுக்குப் போகலாமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டை எழுத்தில் ஒரு வரி: நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை!

கோடை விடுமுறைக்கும் மார்கழி விடுமுறைக்கும் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்துபோகும் நம் பிள்ளைகளை மனத்திற்கொண்டே இது எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. எழுதியவர் யார், நிறுவனம் எது என்பதில் எனக்கு அக்கறையில்லை. ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் படியெடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சில வரிகளுக்குள் அடுக்கியிருக்கும் அபத்தங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் உயிரை வாங்கக்கூடியது.

முதலில் அந்தக் கொட்டை எழுத்து வரி. நீந்தத் தெரியாதவரைச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறக்கலாமா? சுழியோடுவோருக்கு உலகளாவிய அளவில் வழங்கப்படும் தொடக்கநிலைச் சான்றிதழ்களைப் பெறுவதற்குக்கூட 200 மீற்றர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். அதற்குப் பின்னும் 18 மீற்றருக்குக் கீழே போக அனுமதியில்லை. இதற்குக் காரணம் சம்பிரதாயமன்று. அழுத்தமூட்டிய காற்றை நீருக்கடியில் சுவாசிக்கும் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலெழுந்தால், நுரையீரலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இதற்கு ஆழம் தேவையில்லை; ஓர் ஆள் உயரத் தண்ணீரே போதும். நீச்சல் தெரியாதவர் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் செய்யும் முதற் காரியம் எது? மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான். 'ஆழமில்லாத இடம், ஆகவே ஆபத்தில்லை' என்று அந்த விளம்பரக்காரர்கள் தரும் சமாதானம் இயற்பியலுக்கு நேர் எதிரானது.

இரண்டாவது, அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம். நீருக்குள் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல மேலெழுந்து, கரையேறிய பின்னும் பல மணித்தியாலங்கள் இருந்தால் அது மூச்சு வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழ்கள் கிளம்பும். மூட்டில் தங்கினால் வலி. முள்ளந்தண்டில் தங்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விமானத்தினுள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 2,000 மீற்றருக்கு மேற்பட்ட ஒரு மலையுச்சியின் அழுத்தம். ஆகவேதான் பல தடவை சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலங்களாவது விமானமேறக் கூடாது என்பது பொதுவிதி. ஞாயிறு நண்பகலில் கடைசியாக மேலெழுந்தவருக்குத் திங்கள் காலை ஆறு மணிக்கு முன் விமானமில்லை. இந்தக் கூட்டல் கணக்கு எந்த விளம்பரத்திலும் இல்லை.

நுவரெலியாச் சங்கதியைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. சுழியோடிவிட்டு அன்றிரவே வாகனத்தில் மலையேறுபவரின் உடம்புக்கு, அவர் விமானத்தில் இருக்கிறாரா வானில் இருக்கிறாரா என்பது தெரியாது. சிறிய தீவு, காலையில் கடல், மாலையில் மலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையே இங்கே பகையாகிறது.

தொலைவிலுள்ள ஒரு முருகைக்கற்பாறைக்குப் போவதற்குத் திட்டமிடுவதென்றால் விடுதியையும் வாகனத்தையும் பதிவு செய்வது என்று நம்மவர்கள் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். திட்டம் அங்கே தொடங்கக் கூடாது. நீருக்கடியில் நீங்கள் இருக்கும்போது உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

கயிறு என்று சொல்வதற்குக் காரணமிருக்கிறது. இந்தக் கடலுக்குச் சுழியோடல் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை நம்மவர்கள் 'பார்' என்றார்கள். 1902 இல் பிரித்தானிய அரசு ஹேர்ட்மன் என்ற கடலுயிரியல் பேராசிரியரை இங்கே அனுப்பி முத்துப்பார்களை ஆராயச் செய்தபோது, அவரும் அவருடைய உதவியாளர் ஹோர்ணெலும் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் தேடவில்லை. பெரிய பார், கொண்டச்சிப் பார் என்று அப்படியே எழுதிவிட்டுப் போனார்கள். (கற்பிட்டிப் பாறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் காதுக்கு அதே 'பார்' ஆக ஒலிப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு!)

அரிப்பிலும் சிலாபத்துறையிலும் முத்துக் குளித்தவர்கள் கல்லொன்றைக் காலிற் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கயிறு அசைந்த கணத்தில் அவர் இழுக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் கீழே இருப்பவர் திரும்பமாட்டார். அதனால் அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். கரையில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்து, சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்வார். ஆங்கில அதிகாரிகள் அவரைக் கேலிசெய்து எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். அவர் கரையில் இல்லையென்றால் ஒருவரும் இறங்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மந்திரத்தை விடுங்கள். எல்லாரும் வருவதற்கு முன் கடல் சரியில்லை என்று சொல்லும் அதிகாரம் கரையிலுள்ள ஒருவரிடம் இருந்தது என்பதே எனக்கு முக்கியம்.

இன்று அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது? படகோட்டியிடம் இருக்க வேண்டும். ஆனால் படகோட்டிக்குக் கூலி கடலுக்குப் போன நாளுக்கு மட்டுந்தான். காற்று மாறிவிட்டது, இன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்று அவருடைய வீட்டில் வருமானமில்லை. முகவருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் தலைவலி. வந்தவருக்கோ திங்கட்கிழமை வேலை. மூவருடைய நெருக்குதலும் ஒரே திசையில் தள்ளுகிறது. விபத்துக்கான காரணத்தை விசாரணையில் தேடுபவர்கள் இயந்திரத்தையும் அலையையும் பற்றிக் கேட்பார்கள். கூலி எப்படிப் பேசப்பட்டது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆகையால் நான் சொல்லும் முதல் விதி இது: போகாத நாளுக்கும் கூலி பேசிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் சுழியோடுவதற்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள்; கரையில் கழியும் நாட்களுக்கும் படகுக்குரிய பணத்தைக் கொடுத்துவிடுவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன்பின் அந்த மனிதர் வானத்தைப் பார்த்துச் சொல்லும் பதில் உண்மையான பதிலாக இருக்கும். செலவு கூடும் என்பீர்கள். கூடட்டும். அது இயலாதென்றால் அந்தப் பயணம் உங்கள் வசதிக்கு மீறியது. அடுத்த ஆண்டு போகலாம்.

மேற்குக் கரையின் கடல் நாட்காட்டி எளிமையானது. சோளகம் வீசத் தொடங்கிவிட்டால், வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, அந்தப் பாறையை மறந்துவிட வேண்டியதுதான். கார்த்திகைக்குப் பின் கடல் அடங்கும். மாசி, பங்குனியில் தெளிவு கூடும். கோடை விடுமுறையென்று ஆடி மாதத்தில் வந்திறங்கி, கற்பிட்டியில் 'எப்படியாவது' பாறைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை என்னவென்பது! அந்தக் காலத்தில் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் வந்த படம் கற்பிட்டிப் படமல்லவா?

கடலிடம் பொறுமை காட்டியவர்களுக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. தென்கிழக்கே கிரிந்தைக்கு அப்பால், ஆங்கிலத்தில் 'கிறேட் பாஸஸ்' என்றும் நம் வழக்கில் இராவணன் கோட்டை என்றும் சொல்லப்படும் பாறைத்தொடர் இருக்கிறது. 1873 இலிருந்து அதன்மேல் ஒரு வெளிச்சவீடு நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே படகு நெருங்கவே முடியாது. பங்குனியிலும் சித்திரையிலுமாகச் சில வாரங்கள்தாம் கடல் இடங்கொடுக்கும். ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் 1961 இல் அங்கே மூழ்கிக் கிடந்த கப்பலொன்றைக் கண்டார். ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தன. வெள்ளி கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. என்றாலும் அவர்கள் முறையான தயாரிப்போடு திரும்பிப் போனது 1963 இலேயே. அடுத்த ஆண்டின் பருவத்தைக் கிளார்க்கின் உடல்நிலை கெடுத்துவிட்டது. விட்டுவிட்டார்கள். புதையலுக்கே இரண்டாண்டு காத்திருந்தார்கள். நாம் ஒரு புகைப்படத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க மறுக்கிறோம்.

இனி, இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

பத்திரிகையாளனாக மேற்குக் கரையிலும் வடமேற்கிலும் அலைந்த காலத்தில், கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடும் தொழிலாளர் பலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் முதுகிலும் அதே சிலிண்டர்தான். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில்லை, கையில் ஆழமானி இல்லை. கரையோரத்தில் அட்டை அற்றுப்போகப் போக மேலும் மேலும் ஆழத்துக்குப் போகிறார்கள். ஒரு நாளில் மூன்று நான்கு சிலிண்டர்கள். பிடித்த அட்டையின் எண்ணிக்கைக்கே கூலி. காத்திருக்கும் நிமிடத்துக்கு யார் கொடுப்பது? மூட்டு வலி எடுத்தால் இன்னொரு சிலிண்டரோடு மறுபடி இறங்குவார்கள். கீழே போனால் வலி போய்விடும் என்பது அனுபவத்தில் அறிந்தது. அறிவியல்படி அது உண்மையுந்தான், குமிழ் அழுத்தத்தில் சுருங்குகிறது. ஆனால் திரும்ப மேலே வர வேண்டுமே! முப்பது வயதைத் தாண்டாத ஓர் இளைஞரை அவருடைய வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தார். அவரைப் படகில் ஏற்றிய முதலாளி முதல் மாதம் அரிசி அனுப்பினாராம். அதன்பின் எதுவும் இல்லை.

கடலட்டைக்குச் சுழியோட அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரம் அட்டையைக் கணக்கிடுகிறது. மனிதனின் முள்ளந்தண்டைக் கணக்கிடுவதில்லை. இந்தத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினால் 'அவர்கள் அறியாமையால் கெட்டார்கள்' என்று நகரத்து நண்பர்கள் சொல்வார்கள். அதே நண்பர்கள், அதே கடலில், அதே அவசரத்தோடு, அதே கணக்கில்லாத முறையில் இறங்குவதற்கு இன்று பணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய அறியாமைக்கு மட்டும் 'சாகசம்' என்று பெயர்.

அந்த விளம்பரங்களில் ஒன்றிலிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். படகில் ஒட்சிசன் இருக்கிறதா? சிலிண்டர்கள் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன? வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர்? யாருக்காவது உடம்புக்கு முடியாமற் போனால் எங்கே கொண்டுபோவீர்கள்? மிகவும் மரியாதையாகப் பேசிய அந்தத் தம்பி முதல் மூன்றுக்கும் 'எல்லாம் இருக்கிறது ஐயா' என்றார். நாலாவதற்குப் புத்தளம் வைத்தியசாலை என்றார். புத்தளம் வைத்தியசாலையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குமிழ் நோய்க்கு வேண்டியது அழுத்தக் கூடம். அது என்றதும் இந்நாட்டுச் சுழியோடிகள் நினைப்பது திருகோணமலைக் கடற்படைத் தளத்தை. கற்பிட்டியிலிருந்து பாலாவி, புத்தளம், அநுராதபுரம் என்று தீவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தாக வேண்டும். 200 கிலோமீற்றருக்கு மேல். அதற்கு முன் பாறையிலிருந்து கரைக்கு வர வேண்டும். இதை நான் சொன்னபோது மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, நால்வராக வந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றார்.

பணம் கட்டுவதற்கு முன் நீங்களே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்: எந்தக் கூடம் இன்றைக்கு இயங்குகிறது, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம், எந்த வாகனம், அதற்கு உங்கள் காப்புறுதி பணம் தருமா. சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் பல சுழியோடலை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். சிறிய எழுத்தை வாசியுங்கள்.

முருகைக்கல்லைப் பற்றி இவ்வளவு நேரமும் பேசவில்லை. அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும். 1992 இல் சரணாலயமாக்கப்பட்ட இந்தப் பாறை 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. 1998 இல் எல் நினோ வெப்பம் அதன் ஆழங்குறைந்த பகுதிகளை ஏறத்தாழ முழுமையாகவே கொன்றது. முருகையுயிரின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் கொடுக்கும் நுண்பாசி, நீர் சில வாரங்களுக்கு வழமையிலும் ஒரு பாகை சூடேறி நின்றாலே வெளியேறிவிடுகிறது, எஞ்சுவது வெள்ளெலும்பு. பின்னர் அந்தப் பாறை தானாகவே தேறியது. கிளைமுருகைகள் முளைத்துப் படர்ந்து, ஏழெட்டு ஆண்டுகளில் பார்ப்பவர் வியக்குமளவுக்கு மீண்டும் மூடின. 2016 இல் மறுபடி வெப்பம், மறுபடி சாவு. 2024 சித்திரையில், உலகளாவிய நாலாவது வெளிறல் நிகழ்கிறது என்று அமெரிக்கக் கடல் நிறுவனம் அறிவித்தது. விளம்பரத்திலுள்ள படம் எந்த ஆண்டுக்குரியது என்று கேட்டுப் பாருங்கள்!

தேறிவரும் நோயாளியின் கட்டிலில் ஏறி மிதிப்பதற்குச் சமமானது, மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஒருவரை அந்த இளங்கிளைகளுக்கு மேல் இறக்குவது. அவருடைய துடுப்புக்கால் ஒரு தடவை உதைத்தால் இரண்டு மூன்று ஆண்டு வளர்ச்சி முறிகிறது. படகின் நங்கூரம் விழுந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார் றீஃபில் பார்க்கத்தக்க கிளைமுருகைகள் பெரும்பாலும் சில மீற்றர் ஆழத்திலேயே இருக்கின்றன. முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடியே அவற்றைப் பார்த்துவிடலாம். சிலிண்டர் கட்டினால் கட்டணம் பல மடங்கு, ஆகவே சிலிண்டர். இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்படியெல்லாம் எழுதினால் கரையோர இளைஞரின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறேன் என்று கோபிப்பவர்கள் உண்டு. போர் 2009 இல் முடிந்த பின், கற்பிட்டியின் 14 தீவுகளையும் உல்லாசத் தலமாக்கப்போவதாக வரைபடங்கள் விரித்தபோதும், கேள்வி கேட்ட மீனவர்களுக்கு இதே பதில்தான் சொல்லப்பட்டது. பிழைப்பு என்றால் யாருடைய பிழைப்பு? கண்டக்குளியிலும் குடாவையிலும் கடலை உள்ளங்கைபோல் அறிந்த படகோட்டிகள் இருக்கிறார்கள்; முறையாகப் பயின்று, ஆறு பேர் கேட்டால் நால்வரை மட்டும் ஏற்றிச்செல்லும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். மலிவு விலைக்காரர் ஒருவர் செய்யும் விபத்து, நேர்மையாகத் தொழில் செய்யும் இவர்களுடைய பருவத்தையும் சேர்த்தே மூடிவிடும். இவர்களைத் தேடிப் போங்கள். இடைத்தரகரை விட்டு இவர்களோடு நேரே பேசுங்கள். 'நேற்றுப் போனீர்களா, ஏன் போகவில்லை' என்று கேளுங்கள். போகாமல் விட்ட நாளைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்பவரின் படகில் ஏறலாம்.